கத்தரிக்கோலோடு நின்ற நேரம்

நாலு வருஷமா இதை எழுத உட்காருவேன். பேனாவை மூடி வச்சுட்டு எழுந்து போயிடுவேன். வாராவாரம் கோயில், குடும்பம், ஆஸ்பத்திரின்னு இந்தப் பக்கத்தில் உங்ககிட்ட எவ்வளவோ பேசறேன்... இதை மட்டும் எழுதினதில்லை.

போன செவ்வாய்க்கிழமை, விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற பஸ். பின் சீட்டில் தீப்பெட்டி வேலைக்குப் போகிற ரெண்டு பெண்கள். ஒருத்தி சொல்கிறாள் — நாரணாபுரம் பக்கம் பட்டாசு விபத்தில் வெந்துபோன பொம்பளைப் பிள்ளைக்கு ஒரு நர்ஸ் தாலியை அறுத்துட்டாளாம். மூணாம் நாள் புருஷன் போய்ச் சேர்ந்துட்டானாம்.

அந்த நர்ஸ் நான்தான். அந்தப் புருஷன் சாகவே இல்லை!

திரும்பிச் சொல்லியிருக்கலாம். அதுக்குள்ள இன்னொருத்தி சொன்னாள்: "எனக்கு அப்படி ஆனா, உசுரே போனாலும் கழுத்துல கை வைக்க விடமாட்டேன் ஆத்தா."

வீட்டுக்கு வந்ததும் மூடி வச்ச பேனாவை எடுத்துட்டேன்.

நடந்தது இதுதான். பதினாலு வருஷம் பெண்கள் வார்டில் இருந்தேன். அங்கே எதையும் கேட்டுத்தான் செய்வோம். சாப்பிட்டீகளா, தூங்குனீகளா, ஊசி போடட்டுமா... கூட இருக்கிறவங்க தலையாட்டினதும்தான் கை வைப்போம். நாலு வருஷத்துக்கு முன்னாடி, ஆள் பத்தலைன்னு என்னை அவசரப் பிரிவுக்கு மாத்தினாங்க. அங்கே கை முந்தும், கேள்வி பிந்தும். எனக்கு அது பழகவே இல்லை.

மூணாவது வாரம், மத்தியானம், பட்டாசுக் கம்பெனி விபத்திலிருந்து செல்வியைக் கொண்டு வந்தாங்க. முப்பது வயசு இருக்கும். தலைமுடியெல்லாம் அலுமினியப் பொடி மின்னுது. கழுத்தும் நெஞ்சும் வெந்திருந்தது. அதே கம்பெனியில் லோடு ஏத்துகிற புருஷன் வாசலில் நிற்கிறார், அவர் அம்மாவும்.

என்னைவிடப் பத்து வயசு சின்னவளான ரெஜினா சிஸ்டர்தான் அங்கே சீனியர். செல்விக்கு ஊசி போட்டுக்கிட்டே, "அக்கா, கழுத்துல உள்ளதை எடுங்க. வீங்கப் போகுது, கயிறு இறுக்குனா மூச்சு அடைச்சிடும்"ன்னாள்.

மஞ்சள் கயிறு. தோலோடு ஒட்டியிருந்தது. தலை வழியா வராது.

வெள்ளிக்கிழமைதோறும் என் தாலியைக் கண்ணில் ஒத்திக்கிறவள் நான். புருஷன் வாசலில் நிற்க, அந்தக் கயிற்றில் எப்படிக் கத்தரி வைப்பேன்? வார்டுப் புத்தி... வாசலுக்குப் போய்ச் சம்மதம் கேட்டேன். மாமியார் கும்பிட்டு, தாலியை மட்டும் தொட்டுராதீகன்னு அழுதாங்க. புருஷன் அம்மாவைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டார்.

திரும்பி வந்து பார்த்தால், கயிறு சதைக்குள்ள இறங்கிக்கிட்டிருக்கு. அப்பவும் கத்தரியோடு நின்னேன். 'தாயே மாரியம்மா'ன்னு வாய் முணுமுணுக்குது. கை அசையலை.

செல்விதான் கண்ணைத் திறந்தாள். குரல் கம்மிப் போயிருந்தது.

"அக்கா... கட்டுனவரு வாசல்லதான நிக்காரு? அறுங்க. மறுபடி கட்டச் சொல்லிக்கிடுதேன்."

அறுத்தேன். பஞ்சுத் துணியில் சுத்திப் புருஷன் கையில் கொடுத்தேன். அவர் வாங்கிச் சட்டைப் பையில் வச்சுக்கிட்டு, மதுரைக்குப் போகிற ஆம்புலன்ஸில் ஏறினார்.

ரெண்டரை மாசம் கழிச்சு ரெண்டு பேரும் என்னைப் பார்க்க வந்தாங்க. மாரியம்மன் சந்நிதியில் புதுக் கயிறு கட்டியாச்சு. அந்தக் கயிற்றுக்குக் கீழே, கழுத்தைச் சுத்தி ஒரு தழும்பு. மத்த தழும்பைவிட ஆழம்... நான் வாசலுக்குப் போய் வந்த நேரம் அது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, இதையும் சேத்து ரெண்டு தாலி"ன்னு சிரிக்கிறாள்!

அம்மன் கயிற்றிலா இருக்கா? மூச்சில் இருக்கா. இதைத் தெரிஞ்சுக்க எனக்குப் பதினாலு வருஷமும் ஒரு பிள்ளையின் கழுத்தும் தேவைப்பட்டிருக்கு.

இதைப் படிக்கிறவங்க பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிற பெண்களிடம் சொல்லுங்க. கூட்டாமல், குறைக்காமல், இங்கே இருக்கிறபடியே சொல்லுங்க. அறுக்கச் சொன்னது அவள். தாமதிச்சது நான்.

கட்டினவர் இன்னைக்கும் லோடு ஏத்திக்கிட்டுத்தான் இருக்கார்.