நங்கூரம் தூக்கிய பிறகு

வாடைக்காற்று அடங்கி, படகை மறுபடி கடலில் இறக்குவதற்கு முன் எங்கள் வீட்டில் ஒரு வேலை நடக்கும். அக்காவின் புருஷனான அத்தானும் நானும் ஜிபிஎஸ்ஸை எடுத்துவைத்து, போன பருவத்தில் பதிந்த மீன்பிடி இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மீன் படாமல் போனதை அழிப்போம், நல்லதை வைத்திருப்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். வலை கிழிந்த இடம் 'கிழிஞ்சான்'. நான் வயிற்றைப் பிரட்டி வாந்தி எடுத்த இடத்துக்கு 'சத்தி' என்று பெயர் வைத்தவர் அத்தான். அங்கே விளைமீன் அள்ளியதால் அதை அழிக்கவும் மனம் வரவில்லை. அக்கா குசினிக்குள் சமைத்துக்கொண்டே சிரிப்பாள்.

அத்தானுக்கு ஒரு பிடிவாதம். எவ்வளவு மீன் பட்டாலும், நங்கூரத்தைத் தூக்கிப் படகை வீட்டுப் பக்கம் திருப்பிய பிறகுதான் இடத்தைப் பதிவார். முதலே பதிந்தால் கண்பட்டுப் போகுமாம். அதற்குள் படகு நகர்ந்து, புள்ளி தள்ளி விழும். எனக்கு எரிச்சல் வரும், சண்டை பிடிப்பேன். அவர் காதில் விழுத்தமாட்டார்.

சமாதானப் பேச்சு குலைந்து, கடலில் திரும்பவும் வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கிய காலம். எனக்குக் காய்ச்சல் என்று அத்தான் தனியே போனார். வரவில்லை. வெருகல் பக்கம் மிதந்த படகை மூதூர் ஆட்கள் இழுத்துவந்து தந்தார்கள். எஞ்சின் இருந்தது. சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் கிடந்தது. நங்கூரத்தைக் காணவில்லை, யாரோ களவெடுத்திருப்பார்கள் என்று நினைத்தோம். ஜிபிஎஸ்ஸில், கரை தெரியாத தூரத்தில், பெயர் வைக்காத ஒரு புதுப் புள்ளி இருந்தது.

லிங்கநகர்ச் சொந்தக்காரர் வந்து, காரியத்தைச் செய்து முடிக்கச் சொன்னார்கள். சொல்வதற்கு அவர்களுக்கென்ன. அக்கா அந்தப் புள்ளியைக் காட்டினாள்.

"பதிஞ்சிருக்கிறார். அப்ப நங்கூரம் தூக்கி வீட்டுக்கு வெளிக்கிட்டிட்டார். இடையில ஆரோ பிடிச்சுக்கொண்டு போட்டினம். வருவார்."

பொட்டோடும் தாலியோடும் காத்திருந்தாள். எனக்கோ அந்தப் புள்ளி என்றாலே பயம். கருவியைப் போட்டால் கண் நேரே அங்கேதான் போகும். கண்ணை மூடினாலும் அது போகாது.

அடுத்த பருவம் தொடங்கியதும் அங்கே போனேன். தூண்டிலில் ஒரு கொத்துக்கூட இல்லை. அடியில் வெறும் மணல். வந்து அக்காவிடம் சொன்னேன்.

"மீனில்லாத இடத்தை அவர் பதியமாட்டாரே." அக்கா புள்ளியைத் திரும்பவும் பார்த்தாள். "நங்கூரமும் படகில இல்லை. அப்ப அவர் தூக்கேல்லையடா. நாங்கள் தேடி வரட்டும் எண்டு பொத்தானை அமத்தியிருக்கிறார்."

நான் கருவியை அணைத்துவைத்தேன்.

கொஞ்ச நாளில், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் கடற்படை முகாமில் ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தது. மலையையும் கோயிலையும் நேர்பார்த்துக் கரையோர இடங்களைக் கண்டுபிடிக்கலாம். கரை தெரியாத அந்த இடத்தை, கருவி போனால் இனிக் கண்டுபிடிக்க ஏலாது. ஒப்படைப்பதற்கு முதல்நாள் காலை, அக்கா தாலியைக் கழற்றி ஒரு வெள்ளை லேஞ்சித் துணியில் முடிந்து தந்தாள்.

"அங்க போட்டிட்டு வா."

புள்ளியின்மேல் நின்று நங்கூரம் போட்டேன். அவருடைய நங்கூரமும் கீழே எங்கேயோதான் கிடந்திருக்க வேண்டும். முடிச்சைத் தண்ணீரில் விட்டேன். வெள்ளையாகக் கொஞ்சத் தூரம் தெரிந்து மறைந்தது. பிறகு நங்கூரத்தைத் தூக்கினேன், படகைத் திருப்பினேன். கை தானாகப் பொத்தானை அமத்தியது. நாளைக்குக் கையில் இருக்கப்போகாத கருவியில், அவருடைய புள்ளிக்குப் பக்கத்தில் என்னுடையதும் விழுந்தது.

அக்கா கரையில் நின்றாள்.

"போட்டியோ?"

"ஓம்."

"பதிஞ்சனியோ?"

"ஓம்."

"நங்கூரம் தூக்கின பிறகுதானே?"

"ஓம் அக்கா. தூக்கித் திருப்பின பிறகுதான்."

அவள் குனிந்து, படகுக்குள் கிடந்த நங்கூரத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள்.