அக்காவின் பெயரில் நான் எழுதிய வரி

"பாதிப்பில்லை, சரிபார்த்தேன்." நிரலின் பழைய பதிப்பொன்றில் இருக்கும் இந்தக் குறிப்புக்குக் கீழே அக்காவின் பெயர் இருக்கிறது. எழுதியவன் நான். மலேசியாவின் ஈப்போவில் எங்கள் அலுவலகம் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு மென்பொருள் செய்தது. கொதிகலனில் நீராவி அழுத்தம் எல்லை மீறினால் அபாயச் சங்கை ஊதவைக்கும் நிரல் தொகுப்பு அக்காவின் பொறுப்பு. என்னைவிட மூன்று வயது மூத்தவர், பக்கத்து மேசை; அதனால் அக்கா என்று கூப்பிடுவேன். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் எச்சரிக்கை காட்டினால் நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம். காட்டினாலும் நிரல் ஓடத்தானே செய்கிறது. அக்கா மட்டும் ஒவ்வொன்றையும் தோண்டுவார். ஓர் எச்சரிக்கையைத் திரையில் வராமல் அடக்குவதென்றால் பொறுப்பாளர் காரணமும் பெயரும் எழுதவேண்டும் என்பது அவர் கொண்டுவந்த வழக்கம். எங்களுக்கு அது எரிச்சல்.

தன் அப்பாவின் கருமாதிக்கு அக்கா தெலுக் இந்தான் போயிருந்த வாரம், புதிய அழுத்தமானிக்காகத் தொகுப்பை மாற்றி அனுப்பவேண்டியிருந்தது. ஒரே ஓர் எச்சரிக்கை: பெரிய எண்ணைச் சிறிய இடத்தில் வைக்கிறாய், மதிப்பு மாறலாம். அக்காவிடம் போனில் சொன்னேன். "நான் வந்து பாக்குறேன் தம்பி. அதுவரைக்கும் அத அடக்காத லா," என்றார். முதலாளிக்கு அன்றே வேண்டும். அவசரத்துக்கென்று அக்கா என்னிடம் சொல்லிவைத்திருந்த கடவுச்சொல்லால் அவர் கணினியைத் திறந்து, எச்சரிக்கையை அடக்கி, அந்த வரியை எழுதினேன். திரை சுத்தமானது. பக்கத்துத் தேநீர்க் கடைக்குத் தே குடிக்கப் போனேன்.

அடுத்த மாதம் ஓர் ஆலையில் அழுத்தம் ஏறியபோது, அந்தச் சிறிய இடத்தில் எண் கொள்ளாமல் சிறியதாகத் திரிந்தது. சங்கு ஊதவில்லை. ஒரு தொழிலாளியின் இரண்டு கைகளும் வெந்துபோயின. விசாரணையில் அந்த வரியைத் திரையில் காட்டினார்கள். தான் விடுப்பில் இருந்ததாக அக்கா சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஏதாச்சும் சொல்லணுமா தம்பி?" என்று கேட்டார். நான் திரையிலிருந்த அவர் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே அனுப்பச் சொன்ன முதலாளிக்கும் உண்மை தெரியும். அவருக்கும் அக்காவின் பெயரே வசதியாக இருந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்ததே குற்றம் என்று சொல்லி அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். தொகுப்பு என் கைக்கு வந்தது. வெட்கம்கெட்டு வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் அந்த வரியை அச்சிட்டு, அக்காவின் பெயரை அடித்து என் பெயரை எழுதி எடுத்துக்கொண்டு சிம்பாங் பூலாய்க்குப் போனேன். அங்கே அவர் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இத எங்கிட்ட ஏன் காட்டுற? கை வெந்தவருகிட்ட காட்டுனியா?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குப் பொட்டலம் கட்டத் தொடங்கினார். "பாதிப்பில்லை, சரிபார்த்தேன்" என்ற வரிக்குக் கீழே இப்போது என் பெயர் இருந்தது. அந்தத் தொழிலாளியின் பெயரை நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.