சிவப்பு நூலில் பதினேழு

சினிமாவில் வருகிற கன்னியாஸ்திரீகளை எனக்கு நன்றாகவே தெரியும். ஒருத்தி பிரம்போடு பிள்ளைகளை விரட்டுவாள். இன்னொருத்தி காதலன் கைவிட்டதால் மடத்தில் சேர்ந்து, இடைவேளைக்குப் பிறகு அவனையே பார்த்து அழுவாள். பேய்ப்படம் என்றால் சுவரில் ஏறுவாள். காமெடி என்றால் யாராவது அவளைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். எல்லாவற்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான் நான். ராஜபாளையத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மெஷினுக்கு எதிரே டிவி ஓடிக்கொண்டே இருக்கும்.

நிஜத்தில் எனக்குப் பழக்கமான கன்னியாஸ்திரீ ஒரே ஒருவர். ஸ்ரீவில்லிபுத்தூர் மடத்திலிருந்து பஸ் ஏறி வருவார். எழுபதைத் தாண்டிய நர்ஸ். மடத்தில் மற்றவர்கள் சேலைக்கு மாறிவிட்டார்கள். இவர் மட்டும் கழுத்திலிருந்து கணுக்கால் வரை வெள்ளை அங்கிதான். கிழிசல் தைக்க வருவார், கூடவே என் மெஷினுக்கு எண்ணெய் போதவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் போவார். சர்ச் வாசலைக்கூட மிதிக்காத குடும்பம் எங்களுடையது. ஆனாலும் அவர் வந்து போனால் அன்றைக்கு எனக்கு வேலை ஓடும்.

ஒருநாள் செய்தித்தாளில் சுற்றிய பழைய அங்கி ஒன்றைக் கொண்டுவந்தார். பழையதுதான், ஆனால் அதிகம் உடுத்தாதது.

"தோளையும் இடுப்பையும் பிடிச்சுக் கொடு. மெலிஞ்சு போனேம்லா."

ஓரத்தைப் புரட்டினால் உள்பக்கம் சிவப்பு நூலில் 17 என்று தைத்திருந்தது. மடத்தில் எல்லார் துணியும் ஒன்றாகத்தான் சலவைக்குப் போகுமாம். அதனால் ஆளுக்கு ஓர் எண். என்றைக்கு வேண்டும் என்று கேட்டேன்.

"அவசரமில்ல. ஆயுசுக்கும் இதுதான்னு வார்த்தைப்பாடு கொடுத்த அன்னைக்கு உடுத்துனது இது. சவப்பெட்டில வைக்கும்போதும் இதத்தான் உடுத்தணும். வேணும்கிற நேரத்துல நான் வந்து கேக்க மாட்டேன், பாத்துக்க" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே தைத்து, உறை போட்டு, மேல் கம்பியில் மாட்டினேன். அடுத்த முறை வந்தபோது, "இங்கயே இருக்கட்டும், மடத்துப் பீரோவுல பாச்சாப் பூச்சி கடிக்கும்" என்று சொல்லிவிட்டார். அப்படி எத்தனையோ மாதம் அது என் தலைக்கு மேலே தொங்கியது.

பிறகு மூன்று பேர் வந்தார்கள். குறும்படம் எடுக்கிறார்களாம், இரண்டு நாளைக்கு ஒரு சிஸ்டர் உடுப்பு வேண்டுமாம். "நல்ல ரோல்தாங்க்கா" என்றார்கள். என் தையல் திரையில் வரப்போகிறது என்ற ஆசை எனக்கு. கையை உயர்த்தி அந்த அங்கியை எடுத்துக் கொடுத்தேன். அது யாருடையது, எதற்கு வைத்தது என்பதெல்லாம் நன்றாக நினைவிருந்தது. இரண்டு நாள்தானே என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னிடம் சாக்கு எதுவும் கிடையாது.

கழுத்தில் லிப்ஸ்டிக் கறையோடு திரும்பி வந்தது. துவைத்து மாட்டிவிட்டேன். ஒரு வாரம் கழித்து, பிளவுஸ் வாங்க வந்தவள் தன் போனை நீட்டினாள். அந்த அங்கியில் ஒரு பெண் குத்தாட்டம் போடுகிறாள். ஆண்கள் வரிசையாக முட்டி போட்டு நிற்க, அவர்களுக்குப் பறக்கும் முத்தம் கொடுக்கிறாள். பழக்கதோஷத்தில் எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அவள் அங்கியைத் தொடை வரை தூக்கிச் சுழற்றியபோது ஓரத்தில் சிவப்பாக 17 தெரிந்தது. போனைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தேன்.

வேறு யாரும் காட்டுவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அவர் பையும் கையுமாக மடத்து வாசலில் நின்றார்.

"வா வா, நல்ல நேரத்துல வந்த. ஒரு புண்ணுக்குக் கட்டு மாத்தணும், கிண்ணம் பிடிக்க ஆள் இல்ல."

இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு. லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போன டிரைவர் ஒருவர் படுத்திருந்தார். மனைவி மில்லுக்கு வேலைக்குப் போயிருந்தார். படுத்த படுக்கையாகவே இருந்ததில் முதுகுக்குக் கீழே புண். கட்டைப் பிரித்ததும் அடித்த வாடையில் எனக்குக் குமட்டியது. சிஸ்டர் அந்தப் புண்ணருகே முகத்தைக் கொண்டுபோய், கோலப்புள்ளி வைப்பது மாதிரி நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் ஒருக்களித்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சிரித்தார்.

"சிஸ்டர், இதப் பாருங்களேன். உங்காளு என்னா ஆட்டம் போடுதா!"

பாட்டைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சிஸ்டர் எட்டிப் பார்த்தார். அங்கி தொடை வரை ஏறி 17 தெரிந்த இடத்தில் அவர் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது. பிறகு நிமிர்ந்து என்னை ஒரே ஒரு தரம் பார்த்தார்.

"நல்லாத்தான் ஆடுதா. செத்த அங்கிட்டுத் திரும்பிப் படுங்க. உள்ள இன்னும் சீழ் இருக்கு."

நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானாக இருந்தால் கோபத்தில் ஓர் அழுத்தமாவது கூடியிருக்கும். அந்தக் கையில் அழுத்தம் கூடவே இல்லை. முன்னைவிட மெதுவாகத்தான் போனது. எல்லாவற்றையும் துடைத்து, மருந்து வைத்து, கட்டுப் போட்டு முடிக்கும்வரை நான் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றேன். இத்தனை வருஷம் டிவியில் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றிருந்தது.

"இன்னைக்கு எரியவே இல்ல சிஸ்டர்" என்றார் டிரைவர்.

வெளியே குழாயடியில் சிஸ்டர் கை கழுவும்போது நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"உள்ளதச் சொல்லணும்னா, வலிச்சுது" என்றார். "ஆடுன பிள்ளைக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும்லா."

அந்த அங்கியை எரித்துவிட்டுப் புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்று உளறினேன்.

"ஏட்டி, நல்ல துணிய எரிப்பியாக்கும்? நாளைக்குக் கொண்டா, நான் உடுத்திக்கிடுதேன்."

மறுநாளே உடுத்தினார். அதை உடுத்திக்கொண்டுதான் அந்த டிரைவர் வீட்டுக்கும் போய்வந்தார். கிழிசல் தைக்க அது என்னிடம் வரும்போதெல்லாம் மடியில் மஞ்சளாக மருந்துக் கறை இருக்கும்.

போன மாதம் வந்தபோது வெள்ளைத் துணி ஒன்றை மேஜைமேல் வைத்தார். கடைசிக்கு வேறொன்று வேண்டுமாம். அதை மறுபடியும் என்னிடமே கொடுக்கிறாரே என்று அவரையே பார்த்தேன். டேப்பை எடுத்தேன்.

"இப்பம் எதுக்கு அளவு? இன்னும் மெலிவேன். அன்னைக்கு நீயே வந்து, அளவு பாத்துத் தச்சு, உன் கையால உடுத்திவிடு. மடத்துல சொல்லி வச்சிருக்கேன்."

"நான் உங்க வேதக்காரி இல்லையே சிஸ்டர்."

"அங்கிக்கு என்ன தெரியும், நீ எந்த வேதம்னு? எண்ணெய் மட்டும் போட்டு வையி மெஷினுக்கு."

துணி என் பீரோவில், பூட்டுக்குள் இருக்கிறது. கத்திரி வைக்க மனம் வரவில்லை. ஓரத்தில் பதினேழை மட்டும் சிவப்பு நூலில் தைத்து வைத்திருக்கிறேன்.