நல்லாயிருந்த அப்பாவை நோயாளியாக்கினேன்

இரண்டாயிரமாம் வருஷ வாக்கில் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். நான் எழுதிய புரோகிராமைப் பற்றிப் பேச, சிங்கப்பூரில் நடக்கவிருந்த தொழில்நுட்ப மாநாட்டுக்கு என்னை அனுப்புவதாக மேனேஜர் சொன்னார். எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான். அத்தனை பேர் முன்னால் இங்கிலீஷில் பேச வேண்டுமே என்று பயந்துபோனேன். "அப்பாவுக்கு நெஞ்சுவலி சார், விட்டுட்டுப் போக முடியாது" என்று பொய் சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் சாத்துக்குடியும் ரொட்டியுமாக வீட்டுக்கே வந்து நின்றார். அப்பா அப்போதுதான் நிலக்கோட்டை மார்க்கெட்டில் பூ மூட்டை இறக்கிவிட்டு வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"நெஞ்சுவலி தேவலையா ஐயா?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்தபடி மெதுவாகப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். "இப்பப் பரவாயில்லைங்க. இவன்தான் என்னைய விட்டு நகர மாட்டேங்கிறான்."

மேனேஜர் கிளம்பியதும் சிங்கப்பூர் விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "போகப் பயமா இருந்தா எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான அப்பு? இம்புட்டுப் படிச்சுப்புட்டு, என்னைய எதுக்குச் சீக்காளி ஆக்குன?"



மறுநாள் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். "பயம்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, கூட உக்காந்து பேசப் பழக்கியிருப்பேனேய்யா" என்றார். அதற்குள் மாநாட்டுக்கு வேறொருவரின் பெயர் போய்விட்டது.

இப்போதெல்லாம் ஒரு வேலைக்குப் பயந்தால், பயமாயிருக்கிறது என்றே சொல்லிவிடுகிறேன். லீவு எழுதும்போதும் வீட்டில் யாருக்கும் இல்லாத நோயைச் சொல்வதில்லை.