மக்டலீன் அக்காவின் காரும் நீளமான பில்டரும்

குருநகரில் மீன்பிடிக்காரருக்குக் குறைவில்லை. வாடகைக்கு ஹயர் கார் ஓட்டும் பெண் என்றால் ஒருவர்தான். எங்கள் ஒழுங்கையில் மூன்றாம் வீட்டு மக்டலீன் அக்கா.

அவர் வாகனம் ஓட்டப் பழகியது ஆசையால் அல்ல. கணவர் சந்தியோகு பின்னேரம் கடலுக்குப் போய் விடியக் கரை சேர்பவர். மீனைச் சந்தைக்கு ஏற்றிப் போக அவர்களிடம் ஒரு பழைய வான் வண்டி நின்றது. அதன் சாரதி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கட்டார் நாட்டுக்குப் பறந்துவிட்டார். சந்தியோகு நல்ல நித்திரை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "வானும் நிக்குது, மீனும் கிடக்குது, நானும் சும்மா நிக்கிறன். பிறகென்ன?" என்று அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தார். அன்று சந்தைக்குப் போய்ச் சேருமுன் இரண்டு மதில்களில் வானின் பச்சை நிறம் ஒட்டியிருந்தது. அதன் பிறகுதான் முறையாகப் பழகி லைசென்ஸ் எடுத்தார்.

இப்போது அவரிடம் ஒரு சின்ன நீலக் கார். வயிற்றில் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மடத்துச் சிஸ்டர்மார், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய காரில் போனால் கையில் வைத்த சோடா சிந்தாது என்று ஒரு பேச்சு.

காரை ஐயாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை அரியாலைக்குக் கொண்டுபோய், தம்பிராசா அண்ணையின் கராஜில் எண்ணெய் மாற்றுவார். ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டார். போன ஆனியில் ஒரு புதன்கிழமையும் அப்படித்தான் போனார். காற்று மோசம் என்று கடலுக்குப் போகாத சந்தியோகுவும் கூட வந்தார். வெள்ளிக்கிழமை காலை ஒரு குடும்பத்தைக் காங்கேசன்துறைக்கு, இந்தியக் கப்பலுக்கு, ஏற்றிப் போக ஒப்புக்கொண்டிருந்ததால் அக்காவுக்குக் கொஞ்சம் அவசரம்.

தம்பிராசா அண்ணை பழைய எண்ணெயை வடித்தார். இறுகிப் போயிருந்த ஒயில் பில்டரில் ஸ்குரூடிரைவரைக் குத்தித் திருப்பிக் கழற்றினார். அதன் பிறகுதான் சாமான் அடுக்கும் இறாக்கையைப் பார்த்தார். புதியது இல்லை.

"கழட்ட முதல் பாக்கிறதில்லையோ அண்ணை?"

"இருக்கெண்டு நினைச்சன் தங்கச்சி," என்று தலையைச் சொறிந்தார்.

கார் மரக்கட்டைகளின் மேல், எண்ணெய் இல்லாமல் நின்றது. பழைய பில்டரில் ஓட்டை. அக்கா அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு, கணவரோடு ஓட்டோ பிடித்து ரவுன் கடைத்தெருவுக்குப் போனார்.

உதிரிப்பாகக் கடையில் இருந்த சுவர்ணா உதட்டைப் பிதுக்கினாள். "சின்னன் முடிஞ்சுதக்கா. அடுத்த கிழமைதான் வரும். ஆனா இது இருக்கு." அவள் மேசையில் வைத்த பில்டர், பழையதைவிட இரண்டு விரலளவு நீளம்.

சந்தியோகுவின் முகம் மலர்ந்தது. "பெரிசெண்டா நல்லதுதானே! பெரிய வலையிலைதான் கூட மீன் படும்."

"கண்ணி பெரிசெண்டா எல்லா மீனும் ஓடிப்போகாதோ?" என்றார் அக்கா.

சுவர்ணா இரண்டையும் கவிழ்த்துக் காட்டினாள். "இஞ்சை பாருங்கோ. திருகிற புரி ஒண்டுதான். றப்பர் வளையமும் ஒரே அளவு. உள்ளுக்கை இருக்கிற வால்வும் அதேதான். கம்பனிப் புத்தகத்திலை உங்கடை எஞ்சினுக்கு ரெண்டுமே கிடக்கு. நீளமானதிலை வடிகட்டிற கடதாசி கூட இருக்கு, அதாலை ஊத்தையும் கொஞ்சம் கூடப் பிடிக்கும். கீழை இடம் காணுமோ எண்டதை மட்டும் பாத்துப் போடுங்கோ."

கராஜில் தம்பிராசா அண்ணை அதைத் தொடவே மறுத்துவிட்டார். "ஏழாம் நம்பர் காலுக்கு ஒன்பதாம் நம்பர் சப்பாத்துப் போடுவியளோ? ஒயில் பம்புக்கு இந்தப் பில்டரை நிரப்ப ஏலாது. ஒயில் சிவப்பு லைற் நூராது, எரிஞ்சபடியே நிக்கும், பாருங்கோ!"

"சப்பாத்துக் கடிக்குதோ எண்டு முதல் பாப்பம். தள்ளுங்கோ," என்று அக்கா சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனார். பில்டரைக் கையாலேயே திருகினார். புகைக்குழாய்க்கும் அதற்கும் இடையில் மூன்று விரல் போனது. கீழே நிலத்திலிருந்து பார்த்தால், எஞ்சினைக் காக்கும் தகட்டுக்கு மேலேதான் அதன் அடி நின்றது. இடம் தாராளம்.

எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்தார். வழக்கத்தில் உடனே அணையும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சந்தியோகு நெற்றியில் சிலுவை போட்டார். தம்பிராசா அண்ணை வாயைத் திறந்தார். அவர் சொல்ல வந்ததைச் சொல்லுமுன் விளக்கு அணைந்தது.

"உது தற்செயல். நிப்பாட்டித் திருப்பி ஸ்டார்ட் பண்ணுங்கோ," என்றார் அண்ணை.

மறுபடி ஸ்டார்ட் செய்தபோது உடனே அணைந்தது. முதல்தரம் தாமதித்தது, புதிய பில்டர் எண்ணெயால் நிரம்ப எடுத்த நேரம்தான். அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால், எண்ணெய் கொஞ்சம் இறங்கியிருந்தது. மேலும் அரைக் கோப்பை ஊற்றினார்கள்.

அண்ணைக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. "தெல்லிப்பழை மட்டும் ஓடிப் பாப்பம்," என்று முன் இருக்கையில் ஏறிக் காதைத் தீட்டிக்கொண்டார். சந்தியோகு பின்னால். சுன்னாகம் தாண்டிய கையோடு, குழி விழுந்த இடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். அடுத்த குழியிலும் 'டொக்'.

"கேட்டியளோ! நான் சொன்னனெல்லே!" என்றார் அண்ணை.

அக்கா கரையில் நிறுத்தினார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். கீழே ஒரு துளி எண்ணெய்கூட இல்லை. ஏதோ தோன்றி அக்கா டிக்கியைத் திறந்தார். உள்ளே ஒரு சாக்கு நிறைய வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள். குழிகளில் 'டொக்' என்று இடித்தது அந்தச் சாக்குத்தான்.

"இதென்னப்பா இது?"

"அது... விடியப் போட்டது. இறக்க மறந்துபோனன்," என்றார் சந்தியோகு.

முதலில் சிரித்தது தம்பிராசா அண்ணைதான். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். தெல்லிப்பழையில் தேத்தண்ணியும் வடையும் அவருடைய செலவு.

வெள்ளிக்கிழமை அந்தக் குடும்பம் கப்பலுக்கு வேளைக்கே போய்ச் சேர்ந்தது. வழி முழுக்க அவர்கள் இந்தியாவில் வாங்கப்போகும் புடவைகளைப் பற்றியே கதைத்துக்கொண்டு போனார்கள்.

ஆனால் பெரிய பில்டரின் புகழ் குருநகரில் பரவிவிட்டது. சந்தியோகுவின் தம்பி சுபாஸ் தன்னுடைய வானுக்கு, யாரையும் கேட்காமல், எங்கோ ஒரு கடையில் இன்னும் பெரியதாக, குடம்போலப் பருத்த ஒன்றை வாங்கிப் பூட்டினான். புரி பொருந்தியது. அவனுக்கு அது போதும். அடுத்த நாள் காலை அவன் வீட்டு வாசலிலிருந்து கோயிலடி வரை தெரு கறுப்பாக மினுங்கியது. சிவப்பு விளக்கு எரிந்த கையோடு வானை நிறுத்தியது மட்டும் அவன் செய்த புத்தியான காரியம். மீன் கூடைகளோடு வந்த பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனுடைய ஏழு தலைமுறையையும் விசாரித்தார்கள்.

காரில் வந்த அக்கா இறங்கி, வானுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். "நீளத்தை எல்லாரும் பாக்கிறியள். வாயைப் பாத்தியோடா? றப்பர் வளையம் எஞ்சினிலை பதியிற இடத்துக்கு வெளியாலை நிக்குது. எண்ணெய் நிக்குமோ?"

"புரி சரியாத்தானே இருந்தது மச்சாள்..."

"முதல்லை மண் போடு. சனம் வழுக்கி விழப்போகுது."

அவன் கடற்கரை மண்ணை வாளி வாளியாகக் கொண்டுவந்து தெரு முழுக்கக் கொட்டி முடித்தபோது பத்து மணி. பிறகு, சரியான பில்டர் வாங்க, அக்கா அவனைச் சுவர்ணாவின் கடைக்கு ஏற்றிப் போனார். எண்ணெய்க் கால்சட்டையோடு கார் இருக்கையில் உட்கார விடவில்லை. நான்கு பழைய பத்திரிகைகளை விரித்து, அதன்மேல் ஒரு சாக்கும் போட்ட பிறகுதான் கதவைத் திறந்தார்.