வாசிக்காமல் விட்ட பக்கம்

நேற்றுப் பதுளைக் கடைத்தெருவில் தம்பி மகளுக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைகளுக்கான காட்டு விலங்குப் புத்தகம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக யானை, கரடி, சிறுத்தை எல்லாவற்றையும் தெருவுக்கே கேட்கும்படி வாசித்து முடித்தாள். கடைசியில் பூச்சிகள் வந்தன. "குளவி கூட்டமாக வாழும்" என்று தொடங்கினாள்.

"அந்தப் பக்கம் வேணாம்மா" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"ஏன் அத்தை?"

பிள்ளையிடம் என்ன சொல்வது? உங்களிடமாவது சொல்கிறேன்.

புதுப் புத்தகத்தின் வாசனைக்கு எனக்கு நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். முதல் நியமனம் அங்கேதான். நானோ பதுளை டவுனில் துணிக்கடைக்காரர் மகள். கடை வாசலில் படுத்திருக்கும் நாயைத் தாண்டக்கூடத் துணிச்சல் இல்லாதவள். முதல் நாள் குதிகால் செருப்போடு மலையேறிப் போய், காலில் அட்டை ஏறி, வகுப்பே பார்க்க அழுதேன். சவர்க்காரத் துண்டைத் தேய்த்து அட்டையை விழவைத்தவள் இரண்டாம் வகுப்புச் சுகந்தி. "இதுக்குப் போயி அழுவாங்களா டீச்சர்?" என்றாள். அன்றிலிருந்து அவள்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அந்த வருடம் யாரோ ஒரு புண்ணியவான் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பினார். பிள்ளைகளுக்குப் பிடித்தது விலங்குப் புத்தகம்தான். பக்கத்துக்கு ஒரு விலங்கு, அடியில் கொட்டை எழுத்தில் இரண்டு வரி. இருந்தது ஒரே பிரதி என்பதால் ஆளுக்கொரு பக்கமாக வாசிக்க வைத்தேன். சிறுத்தைப் பக்கம் சுகந்திக்கு வந்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"வாசிம்மா, உனக்குத் தெரிஞ்ச எழுத்துதானே."

"தெரியும் டீச்சர். எங்கம்மா மலையில நிக்குது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வகுப்பே சேர்ந்து விளக்கியது. கொழுந்து பறிக்கத் தேயிலை மலைக்கு ஆட்கள் ஏறிய பிறகு, அவர்கள் குடியிருக்கும் லயத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்களாம். சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுமாம். தவிர்க்க முடியாவிட்டால் 'பெரியவரு' என்பார்களாம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, அம்மா மலைக்குப் போகாத நாளில் வாசி" என்று சமாதானம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு லீவு. அன்றைக்குப் பள்ளிக்கூடமும் லீவு என்பது என் மண்டைக்கு அப்போது எட்டவில்லை. அதனால் மற்றப் பக்கங்கள் எல்லாம் விரல் அழுக்கேறிக் கறுத்துப்போக, சிறுத்தைப் பக்கம் மட்டும் வந்த நாள் போலவே வெள்ளையாக இருந்தது. மற்றப் பிள்ளைகளைப் போலவே தன் முறை வரும்போதெல்லாம் சுகந்தியும் அதை மெல்லத் தள்ளிவிட்டு அடுத்த பக்கத்தை வாசிப்பாள்.

ஒரு நாள் காலை இடைவேளைக்கு முன்னால் மேல்மலையிலிருந்து கூச்சல் கேட்டது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு முக்காட்டால் முகத்தை மூடியபடி ஓடிவந்தார்கள். குளவிக்கூடு கலைந்துவிட்டது. சுகந்தியின் அம்மாவை லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பி வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சுகந்தி வகுப்புக்கு வந்தாள். யாரிடமும் பேசாமல் அலுமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினாள்.

"குளவி இதுல இல்லையா டீச்சர்?"

"இல்லம்மா."

"இருந்திருந்தா அதையும் வாசிக்காம விட்டிருப்பேன்."

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்கு அழுததற்கு யாரும் என்னைக் கேலி செய்யவில்லை.

பிறகு அவளாகவே சிறுத்தைப் பக்கத்தை விரித்தாள். "இனி வாசிக்கலாம் டீச்சர், எங்கம்மா மலையில இல்ல" என்றாள். இரண்டு வரியையும் பிழையில்லாமல் வாசித்தாள். ஆனால் உதட்டை விட்டுச் சத்தம் வெளியே வராமல் வாசித்தாள். மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் அந்த நேரம் மலையில் நின்றார்கள்.

அடுத்த பள்ளித் தவணைக்குள் அவளுடைய அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டார். அதன்பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மொனராகலை பஸ்ஸைக் கண்டால் இப்போதும் ஜன்னலோரமாக ஒரு பார்வை பார்ப்பேன்.

போன மாதம் அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மேல்மலையைக் கைவிட்டுவிட்டார்கள். தேயிலை மரமாக வளர்ந்து காடு மூடிக் கிடக்கிறது. கொழுந்துக்கு யாரும் ஏறுவதில்லை. இனி அங்கே எந்தப் பெயரையும் உரக்கச் சொல்லலாம். காப்பாற்ற மலையில் யாருடைய அம்மாவும் இல்லை. நிம்மதி என்றுதான் நினைக்க வேண்டும்.

"அத்தை, இப்பவாவது வாசிக்கட்டா?" தம்பி மகள் விரலை அதே வரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"வாசி" என்றேன். "கொஞ்சம் மெதுவா, சத்தமில்லாம."