நடு அறையில் அண்ணனின் பாடு

எங்கள் அண்ணன் பிறந்ததும் கண்மூடியதும் ஒரே வீட்டில்தான். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் காலத்து வரிசை வீடுகள் சில இன்னும் நிற்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்று எங்களுடையது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

வீடு எங்கள் நைனா கைக்கு வந்தபோது முன்பக்கம் தூண் வைத்த தாழ்வாரம் இருந்தது. நைனா அதை அடைத்து இறால் கூடை வைக்கும் அறையாக்கினார். மேலே தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல் அடுக்கிச் சிப்பிச் சுண்ணாம்பு போட்டு இடித்த தளம். அந்தத் தளத்தில்தான் வலை காயப்போடுவோம். ஒருமுறை காற்றில் வலை பறந்து எதிர் வீட்டுக்காரரின் கல்யாணப் பந்தலைப் போர்த்திவிட்டது. அதைச் சொன்னால் பொழுது போய்விடும்.

அண்ணன் சின்ன வயதிலேயே ஏரிக்குப் போனவர். எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு உண்டு. எந்த இடத்தில் என்றைக்கு யார் என்று முறை வைத்துக் குலுக்கிப் போடுவது. அதில் சண்டை வந்தால் அண்ணனைத்தான் கூப்பிடுவார்கள். சொந்தத் தம்பி என்று என் பக்கம் ஒருநாளும் பேசியதில்லை.

இறாலுக்கு நல்ல விலை வந்த காலத்தில் அண்ணன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இடித்துச் சிமெண்டுத் தளம் போட்டார். நடு அறையையும் இடிக்கக் கடப்பாரை எடுத்தபோது பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்தார். அங்கே இரண்டு வீட்டு உத்திரமும் ஒரே சுவரில்தான் உட்கார்ந்திருந்தன.

“யோவ், உன் வூட்ட இடி, வேணான்னு சொல்லல. என் வூட்டயும் சேத்து என் தலைல எறக்கிடாத!”

அதனால் நடு அறை தப்பியது. முதல் கோடையிலேயே புது அறைகள் கொதித்தன. அண்ணி சும்மா இருக்கவில்லை.

“இன்னா இது, வூடா கட்டிக்கிற? கருவாடு காயப்போட எடம் கட்டிக்கிற. நாமதான் கருவாடு!”

பழைய சுண்ணாம்புத் தளத்தின் கீழே நடு அறை மட்டும் குளுகுளு. அண்ணன், நான், கடைசித் தம்பி என்று மூன்று தம்பதிகளும் அதற்கு அடித்துக்கொண்டோம். கடைசியில் அண்ணன் ஏரிக் கணக்கையே வீட்டுக்குள் கொண்டுவந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு குடும்பத்துக்கு நடு அறைப் பாடு. அதன்பிறகு சண்டை இல்லை. பிள்ளைகள் வளர்ந்து, மருமகள்கள் வந்த பின்னும் அதுதான் சட்டம்.

போன வருஷம் சித்திரையில் அண்ணனுக்கு மூச்சு இழுத்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வீட்டுக்குத் திரும்ப அழைத்துவந்தோம். சிமெண்டு அறையில் வியர்வையில் நனைந்து கிடந்தார். அந்த மாதம் நடு அறைப் பாடு கடைசித் தம்பி வீட்டுக்கு. அவன் மருமகள் பிள்ளை பெற்று அங்கே படுத்திருந்தாள். தம்பி போய்க் கெஞ்சினான்.

“அண்ணே, உள்ள வந்து படு. நாங்க வெளிய வந்துடறோம்.”

“பச்ச உடம்புக்காரிய வெயில்ல தள்ளிட்டு நான் படுக்கவா? அட்த்தவன் பாட்டுல நான் என்னிக்குனா வலை போட்டனா? போடா!”

அண்ணி அழுதும் அசையவில்லை. இந்த வெயில் அவரைக் கொண்டுபோய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

சாயங்காலம் அந்தப் பெண்ணே குழந்தையோடு வந்து நின்றாள்.

“மாமா, ஏரியில பாடு வந்து ஆளு பத்தலன்னா இன்னா பண்ணுவீங்க?”

“வேற வூட்டு ஆள கூட்டிக்கினு போவோம்.”

“எனக்கு ஆளு பத்தல. இவனுக்குத் தூளி ஆட்டணும். எந்திரிங்க.”

அண்ணன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“பங்கு இன்னா தருவ?”

“நாள் பூரா நனைக்கிறான். அதுல பாதி ஒங்களுக்கு.”

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. கைத்தாங்கலாக அழைத்துப்போனோம்.

தேக்கு உத்திரத்தில் தூளி. படுத்தபடியே கயிறு இழுப்பார். நன்றாகத் தூங்கினார், கஞ்சி குடித்தார், ஊர்க்கதை பேசினார். ஒரு மத்தியானம் குழந்தை அழுதது. தூளி அசையவில்லையே என்று போய்ப் பார்த்தோம். அண்ணன் முகத்தில் ஒரு நோவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டியவர், அன்று ஏரிக்குப் போகாமல் வாசலில் நின்ற ஊர்க்காரர்கள், வந்தவர்களுக்கெல்லாம் சோறு வடித்த பக்கத்து வீட்டார், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இந்தப் பௌர்ணமிக்கு நடு அறைப் பாடு அண்ணனுக்கு வந்திருக்கிறது. வேறு யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவர் வருஷத் திதிக்கு வெயிலில் வந்திருக்கிறீர்கள். சாப்பிட்டுவிட்டு, அவர் ஆட்களாக உள்ளே போய்க் கொஞ்சம் படுத்து எழுந்திருங்கள்.